ஏரிக் கப்பலில் சொன்ன இரண்டாவது வாக்கியம்

1

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் சாமுவேல் அங்கிள் வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் மடியில் பேப்பர் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அங்கிள் என்னைப் பார்த்து, "ஜெபசிங், இவங்க அந்த ஸ்விஸ் கப்பல் ஸ்டோரியைக் கேட்டதில்ல. சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிற வழியில் சுவிட்சர்லாந்தில் ஐந்து நாள் தங்கினோம். அங்கே ஒரு ஏரியில், இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுற்ற ஓடுகிற பழைய நீராவிக் கப்பலில் போனோம். நடு ஏரியில் எஞ்சின் சத்தத்துக்குள் ஒரு தட்டல் எனக்குக் கேட்டது. நான் போய்ச் சொன்னேன். கப்பலை மெதுவாக்கிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா எஞ்சினே உடைஞ்சிருக்கும். அவ்வளவு வெள்ளைக்காரங்க இருந்தாங்க, ஒருத்தன் காதுக்கும் கேக்கல. தூத்துக்குடிக்காரன் காதுக்குத்தான் கேட்டுச்சு" என்று முடித்தேன். வழக்கம்போலக் கை தட்டினார்கள். புதிதாக வந்தவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

ஆலன் என்ற ஊரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, ஃப்ரீவேயில், பின் சீட்டிலிருந்து என் மகள் ஜெனி கேட்டாள். பதின்மூன்று வயது. நாங்கள் தமிழில் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும்.

"அப்பா, ஹௌ கம் செல்வின் அங்கிள் இஸ் நெவர் இன் தட் ஸ்டோரி?"

அந்தக் கதையில் செல்வின் அங்கிள் ஏன் வருவதே இல்லை என்று கேட்கிறாள். என் மனைவி மெர்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எக்ஸிட் மிஸ் பண்ணிடாதீங்க" என்றாள். எக்ஸிட்டுக்கு இன்னும் நாலு மைல் இருந்தது.

ஊரில் இதைப் படிக்கிற உங்களுக்குச் செல்வின் இருக்கிற கதையைச் சொல்கிறேன். ஏரியின் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதவில்லை. அவன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

2

நானும் செல்வினும் தூத்துக்குடியில் ஒரே பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தோம். எனக்கு முதல் வகுப்பு. அவனுக்கு மூன்று அரியர். அவன் சமர்ப்பித்த மெஷின் டிராயிங் தாள்களில் பாதி நான் போட்டுக் கொடுத்தவை. பிறகு இருவருக்கும் துறைமுகத்தில் அப்ரண்டிஸ் வேலை கிடைத்தது. அங்கே கப்பல்களை இழுத்துக்கொண்டு வர ஒரு கிழட்டு நீராவிப் படகு இருந்தது. மற்ற படகெல்லாம் டீசலுக்கு மாறிய பிறகும் அது மட்டும் கரி தின்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் படகில்தான் எனக்கு எஞ்சின் பைத்தியம் பிடித்தது. டீசல் எஞ்சின் மூடிய பெட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நீராவி எஞ்சினில் எல்லாமே கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் எந்த பேரிங் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். படகின் எஞ்சின் டிரைவர் மற்றவர்களைக் கூப்பிட்டு என்னை வேடிக்கை காட்டுவார். செல்வினுக்கு அந்தக் காது கிடையாது. எண்ணெய்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவான். "எப்படில கண்டுபுடிக்க?" என்று வாயைப் பிளப்பான். அவன் அப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்கும்.

படகை உடைக்கக் கொடுத்த பிறகு இருவரும் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் ஏறினோம். நான் நாலு வருஷம் ஓடினேன். நடுவில் கல்யாணம், ஜெனி. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இனிமேல் தனியாக இருக்க முடியாது என்று மெர்சி சொன்னாள். கரை இறங்கினேன். சென்னையில் கம்ப்யூட்டர் படித்தேன், 1995-ல் டெக்சாஸ் வந்தேன்.

செல்வினுக்கு ராட்டர்டாம் துறைமுகத்தில் குடல்வால் வீங்கி, கப்பல் அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே வேலை பார்த்த ரெகுலா என்ற சுவிஸ் நர்ஸ் அவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஏரிக்கரை ஊருக்குப் போனான். முதலில் படகுப் பட்டறையில் துரு சுரண்டினான். ஜெர்மன் கற்றுக்கொண்டான். பிறகு அந்தப் பட்டறைக்காரர்களின் பழைய நீராவிக் கப்பலில் எஞ்சின் அறைக்குள் போய்விட்டான்.

யோசித்துப் பாருங்கள். உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற நீராவிப் பயணக் கப்பல்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் ஒன்றின் எஞ்சின் அறையில் எங்கள் கூட்டத்திலிருந்து ஒருவன் போய் நிற்க வேண்டும் என்றால், அது யாராக இருந்திருக்க வேண்டும்? மூன்று அரியர் வைத்தவனா?

3

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனிடமிருந்து ஒரு போட்டோ வரும். பின்னால் இரண்டு வரி. "ஏல ஜெபா, இந்த வருசம் பாய்லர் புதுசு. நீ வந்து பாக்கணும்ல." போட்டோவில் நீலச் சட்டை, கையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட், பின்னால் பளபளவென்று பித்தளையும் இரும்பும். பத்து வருஷத்தில் அவன் முகம் குண்டாகியது, எஞ்சின் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் போட்டோக்களை நான் ஃப்ரிட்ஜில் ஒட்டவில்லை. மெர்சி ஒட்டுவாள், நான் எடுத்து டிராயரில் போடுவேன். யாராவது கேட்டால், "ஃப்ரெண்டு. ஏதோ போட்ல ஆயில் போடுறான்" என்பேன்.

என் வேலை வேறு மாதிரி. சாம்பல் நிறத் துணி ஒட்டிய மூன்று தடுப்புச் சுவர்களுக்குள் உட்கார்ந்து, பழைய புரோகிராம்களில் வருஷத்துக்கு இரண்டு இலக்கம் இருந்த இடத்தை நாலு இலக்கமாக மாற்றினேன். நாலரை வருஷம் அதையே செய்தேன். இரண்டாயிரம் பிறந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுதான் நாங்கள் செய்த வேலை. ஆனால் அதை யாரிடம் காட்டுவது? ஜெனி பள்ளியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "என் அப்பா கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு பக்கம்.

ஊருக்குப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. "ஜூரிக் வழியா போலாம்ங்க. அந்த அண்ணன் எத்தனை தடவை கூப்பிட்டாச்சு" என்றாள் மெர்சி. எங்கள் கிரீன் கார்டு பெண்டிங்கில் இருந்தது. அது கைக்கு வருமுன் நாட்டை விட்டுப் போனால் திரும்பி நுழைய ஒரு தனி அனுமதித் தாள் வேண்டும். அதற்கு மூன்று மாதம் காத்திருந்தோம். அப்புறம் சுவிஸ் விசா. இந்திய பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், அங்கே நம்மைக் கூப்பிடுகிறவர் ஒரு உறுதிக் கடிதம் தர வேண்டும் என்றார்கள். நாங்கள் அங்கே இருக்கும் வரை எங்களுக்குச் செல்வின் பொறுப்பு என்று அவன் கையெழுத்துப் போட்டு, ஊராட்சி முத்திரை குத்தி அனுப்பினான். நான் டிராயிங் போட்டுக் கொடுத்துப் பாஸானவன் எனக்கு உறுதி தருகிறான். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் பிரீஃப்கேஸிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

4

ஜூலையில் போனோம். ஸ்டேஷனில் செல்வின் ஓடி வந்து கட்டிக்கொண்டான். "ஏல மக்கா! என்னல இப்படித் தொப்பை போட்டுட்ட?" பதினைந்து வருஷத்துக்கு முந்தைய தூத்துக்குடித் தமிழ், ஒரு எழுத்து தேயாமல். நான் பதிலுக்கு, "ஃப்ளைட்ல ஸ்லீப்பே இல்ல, ரொம்ப டயர்டா இருக்கு" என்றேன். அவன் சிரித்தான். "நீ என்னல, ரேடியோல அறிவிப்பு சொல்லுத மாதிரி பேசுத?"

அவனுக்கு ஆங்கிலம் மறந்துபோயிருந்தது, ஜெர்மன் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் ஜெனிக்கு வேறு வழியில்லை. அவனோடு தமிழில் பேச ஆரம்பித்தாள். தப்புத் தப்பாக, வினைச்சொல்லை முன்னால் போட்டு, ஆனால் தமிழில். அவன் திருத்தவே இல்லை, பதில் சொல்லிக்கொண்டே போனான். நான் இத்தனை வருஷம் கெஞ்சியும் மிரட்டியும் வராத தமிழ், அவனுக்கு அரை நாளில் வந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவனுடைய சிவப்புப் பாஸ்போர்ட்டைக் காட்டினான். அதில் பிறந்த இடம் என்று ஒரு கட்டம் கிடையாதாம். அதற்குப் பதிலாகச் சொந்த ஊர் என்று ஒன்று. அந்தக் கட்டத்தில் அந்த ஏரிக்கரை ஊரின் பெயர் இருந்தது. "இனிமே இதுதான் நம்ம ஊருன்னு எழுதிட்டானுவ பாத்துக்கோ" என்றான், கூச்சத்தோடு. எனக்கு டெக்சாஸில் இருந்தது, கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குத் தந்த பதின்மூன்று எழுத்து ரசீது எண்.

இதற்கிடையில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ரெகுலா அவனிடம் ஏதாவது சொல்வதற்கு முன் அவன் தோளைத் தொட்டாள். சாப்பாட்டு மேஜையில் எப்போதும் அவன் எல்லாருக்கும் இடது ஓரத்தில் உட்கார்ந்தான், வலது காது எங்கள் பக்கம் இருக்கும்படி. இடது பக்கமாக நின்று மெர்சி, "அண்ணே, தண்ணி வேணுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவன் திரும்பவில்லை. எஞ்சின் அறையில் பத்து வருஷம் நின்றவனின் காது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் குறித்துக்கொண்டேன்.

5

மறுநாள் மதியப் பயணத்தில் எங்களை ஏற்றிக்கொண்டான். வெள்ளைக் கப்பல். மேல்தளத்தில் முதல் வகுப்புக்காரர்கள் துணி விரித்த மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தின் நடுவில் தரையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் பித்தளைக் கைப்பிடி. அதில் சாய்ந்து குனிந்தால் எஞ்சின் முழுக்கத் தெரியும். இரண்டு பெரிய சிலிண்டர்கள் சரிவாகப் படுத்திருக்க, ஆள் உயர இரும்புக் கரங்கள் சத்தமே இல்லாமல் நீட்டி மடக்கி, நடுத் தண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தன. சூடான எண்ணெய் வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது.

கீழே செல்வின் நின்றான். கேப்டன் மேலிருந்து பேசுகிற பித்தளைக் குழாயின் பக்கம் வலது காது. கூட இன்னொரு ஆள் பாய்லரைக் கவனித்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற குழந்தைகள் செல்வினைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஒரு கிழவர் என்னிடம் ஏதோ ஜெர்மனில் சொன்னார். முகத்தைப் பார்த்தால் அவனைப் புகழ்கிறார் என்று தெரிந்தது. "தட்ஸ் ஸோ கூல், செல்வின் அங்கிள்!" என்று ஜெனி கத்தினாள். என்னைப் பற்றி அவள் வாயில் வராத சொல்.

அப்போதுதான் கேட்டது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், ஒரு மெல்லிய 'டொக்'. கண்ணை மூடிக்கொண்டேன். சந்தேகமே இல்லை. இடது பக்கக் கரத்தின் பெரிய முனை. பேரிங் தளர்ந்திருக்கிறது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் என் காது அப்படியே இருந்தது. செல்வின் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். குனிந்து, ஏறி வருகிற முனையின் மேல் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுத்தான். அப்புறம் ஜெனியைப் பார்த்துச் சிரித்தான்.

இவனுக்குக் கேட்கவில்லை.

அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சில் இனிப்பாக ஒன்று பரவியது. வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. ஏணியில் இரண்டு படி இறங்கி, அவன் இடது பக்கமாக, "செல்வின்" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அவன் திரும்பவில்லை. இன்னும் மூன்று படி இறங்கித் தோளைத் தொட்டிருந்தால் போதும். "ஏல, எடது பெரிய முனைல தட்டுது, பாரு" என்று தமிழில் சொல்லியிருந்தால் அங்கே நின்ற ஒருவருக்கும் புரிந்திருக்காது.

நான் மேலே ஏறினேன். தளத்தின் மறுகோடியில், முப்பது அடி தூரத்தில், தலைமை எஞ்சினியர் வெர்னர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அன்று மதியம்தான் கப்பலில் ஏறியவர். நாங்கள் ஏறும்போது செல்வின் எங்களுக்கு அறிமுகம் செய்துவைத்திருந்தான். நான் முப்பது அடி நடந்தேன். என்னுடைய நல்ல அமெரிக்க ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னேன். எஞ்சினில் ஒரு தட்டல் இருக்கிறது, இடது பெரிய முனை என்று நினைக்கிறேன். இது முதல் வாக்கியம். உங்கள் ஆளுக்கு அது கேட்கவில்லை, அவருக்கு ஒரு காது செவிடு என்று நினைக்கிறேன். இது இரண்டாவது.

ஜெனி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது.

வெர்னர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். ஏணியில் இறங்கி, செல்வினின் முதுகுக்குப் பின்னால் நின்று, "செல்வின்" என்றார். காத்திருந்தார். "செல்வின்." செல்வின் எண்ணெய்க் கிண்ணத்தைத் திருகிக்கொண்டிருந்தான். பாய்லர்காரர் வந்து அவன் தோளைத் தொட்டார். திரும்பி வெர்னரைப் பார்த்தான். அப்புறம் நிமிர்ந்து கைப்பிடி ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தான். அவன் கையில் இருந்த பஞ்சை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வேகத்தைக் குறைத்து, அடுத்த படித்துறையில் கப்பலைக் கட்டினார்கள். பயணிகளை ஒரு மோட்டார் படகு ஏற்றிக்கொண்டு போனது. வெர்னர் எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். எங்கள் மூவருக்கும் மறுநாளைக்கு முதல் வகுப்பு டிக்கெட் தந்தார்கள். செல்வினும் வந்து கை கொடுத்தான். "நல்ல காதுல ஒனக்கு. அப்பவே எனக்குத் தெரியும்" என்றான். சிரிக்க முயன்றான்.

நீராவிக் கப்பல் பழுதுக்கு நின்றதால், மறுநாள் நானும் மெர்சியும் ஒரு டீசல் படகின் மேல்தளத்தில் உட்கார்ந்து போனோம். ஜெனி வரமாட்டேன் என்று ரெகுலாவோடு வீட்டில் இருந்துவிட்டாள்.

6

ஊரில் மூன்று வாரம் இருந்துவிட்டு ஆகஸ்டில் டெக்சாஸ் திரும்பினோம். டாலஸ் ஏர்போர்ட்டில் எங்களைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், அந்த அனுமதித் தாளை இரண்டு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குக்காரரிடம் கப்பல் கதையை முதல்முறையாகச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் எஞ்சின் உடைந்திருக்கும் என்பதை அங்கேதான் சேர்த்தேன். செல்வினை அங்கேதான் எடுத்தேன். அவன் இருந்தால் கதை நன்றாக இல்லை.

செப்டம்பரில் செல்வினிடமிருந்து ஒரு ஈமெயில் வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். டாக்டர் காதைச் சோதித்தார், இடது சுத்தமாகப் போய்விட்டது, வலதும் கொஞ்சம் குறைவு. கேப்டன் குழாயில் சொல்வது கேட்க வேண்டும் என்பது விதி. அதனால் இனி எஞ்சின் அறை இல்லை. படித்துறையில் கயிறு பிடிக்கிற வேலை தந்திருக்கிறார்கள். மெர்சிக்கும் ஜெனிக்கும் அன்பு. அவ்வளவுதான்.

மெர்சி படித்துவிட்டு, "போன் பண்ணுங்க" என்றாள். பண்ணுகிறேன் என்றேன். பண்ணவில்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொரு வீட்டில் கதையைச் சொன்னேன்.

7

காரில் ஜெனி கேட்ட அந்தச் சனிக்கிழமை, வீட்டுக்கு வந்து கராஜில் காரை நிறுத்தியதும் அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தமிழில் கேட்டாள். யோசித்து, சொல் சொல்லாக.

"நீங்க ஏன் அங்கிள்ட்ட தமிழ்ல சொல்லல?"

மறுநாள் ஞாயிறு காலை போன் செய்தேன். அங்கே மதியம். ரெகுலா எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் உடனே அவனிடம் கொடுத்துவிட்டாள்.

"செல்வின், அன்னைக்கு நான் ஒங்கிட்டத்தான் மொதல்ல சொல்லியிருக்கணும்."

கேட்கவில்லையோ என்று மறுபடியும் கத்திச் சொல்லப் போனேன்.

"கேட்டுச்சு, கத்தாத. இந்தக் காது நல்லாத்தான் இருக்கு." அப்புறம், "ஆமா. சொல்லியிருக்கணும்" என்றான்.

"அந்தச் சத்தம் ஒனக்குக் கேக்கலன்னு நெனச்சுத்தான்..."

"சத்தம் கேக்கலதான். ஆனா அது சூடாவுறது காலைலயே எனக்குத் தெரியும். கையை வெச்சுப் பாத்தம்லா. எண்ணெயைக் கூட்டி விட்டுட்டு, சாயங்காலம் கட்டினதும் பிரிக்கணும்னு லாக் புக்ல எழுதி வெச்சிருந்தேன். வெர்னரு அப்புறமா அதைப் பாத்தாரு."

"பத்து நிமிஷத்துல ஒடஞ்சிருக்கும்லா?"

"எவன் சொன்னான்? சாயங்காலம் வரைக்கும் சும்மா ஓடியிருக்கும்."

நான்தான் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

"காது விஷயத்துல அவுங்க மேல தப்பு இல்லல" என்றான் செல்வின். "கேப்டன் நிறுத்துன்னு சொல்லுதது எனக்குக் கேக்காமப் போனா எவனாவது சாவான். அது எனக்குத் தெரியாதா? சீசன் முடியட்டும், நானே போய்ச் சொல்லிருவோம்னு இருந்தேன். ரெகுலாகிட்டகூடச் சொல்லி வெச்சிருந்தேன். பத்து வருசம் நின்ன எடம். நானே சொல்லிட்டு, நானே எறங்கியிருப்பேம்லா. அதைத்தான் நீ எடுத்துட்ட."

"மன்னிச்சிருல" என்றேன்.

"இப்பக் கேக்காத. இப்ப எனக்குக் குடுக்க வரல. இன்னொரு நாளு கேளு."

போனை வைத்துவிட்டான்.

8

அடுத்த மாதம் சாமுவேல் அங்கிள் வீட்டில் கதையை முழுசாகச் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்து. யாரும் கை தட்டவில்லை. "நீங்க சேஃப்டிக்காகத்தானே சொன்னீங்க, பிரதர்" என்றார் புதிதாக வந்தவர். இல்லை என்றேன். அங்கிளின் மனைவி எழுந்து போய் எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் பிரியாணி வேண்டுமா என்று கேட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு செல்வினுக்குப் போன் செய்கிறேன். பனி எவ்வளவு, ரெகுலாவின் முட்டுவலி எப்படி, எங்கள் கிரீன் கார்டு எங்கே நிற்கிறது. மூன்று நிமிஷம் பேசுவான், வைத்துவிடுவான். சில நாள் ஜெனியைக் கேட்பான். அவளோடு மட்டும் கால் மணி நேரம் பேசுவான். அவள் வேற்று மனுஷி மாதிரித் தமிழ் பேசுவதைச் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த மே மாதம் அங்கே சீசன் மறுபடி தொடங்கியது. போன ஞாயிறு அவனாகவே கொஞ்சம் நீட்டிப் பேசினான். கப்பல் துறையை நெருங்கும்போது கயிற்றைப் பிடித்துத் தூணில் மாட்ட வேண்டும், ஒரு கை நழுவினால் கப்பல் விலகிவிடும். பலகையைப் போட்டு ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அவன் பெயர் தெரியும். மழையிலும் நிற்க வேண்டும். "ஒண்ணு தெரியுமால? பத்து வருசம் உள்ளயே நின்னுட்டேன். இந்தக் கப்பல் ஓடுததை வெளிய இருந்து முழுசா நான் பாத்ததே இல்ல. சக்கரம் ரெண்டும் தண்ணியை வாரி எறிஞ்சுக்கிட்டு, திரும்பி அப்படியே போவும் பாரு... அழகுன்னா அழகுல."

அடுத்த நாள் திங்கள். என் மூன்று சாம்பல் சுவர்கள். எனக்குள் அதே எரிச்சல் எழுந்து வருவது தெரிந்தது. இவ்வளவுக்கும் பிறகும். அவனை அந்த அறையிலிருந்து இறக்கியவன் நான். இறங்கி நின்ற இடத்திலும் அவனுக்கு ஒன்று கிடைத்திருக்கிறது, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. வெட்கத்தில் காது சூடாகியது. மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

"செல்வின், ஒண்ணு சொல்லுதேன். எனக்கு இப்பவும் பொறாமையா இருக்கு."

"எதுக்கு? கயிறு புடிக்கதுக்கா?"

"ஆமா."

"மழைல நனையதுக்குமால?"

"அதுக்கும்தான்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் மூக்கால், அப்புறம் வாய் விட்டு. ரெகுலா என்ன என்று கேட்பதும், அவன் ஜெர்மனில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி சிரிப்பதும் கேட்டது. "பைத்தியக்காரப் பயல" என்றான் என்னிடம். ஜூலைக்குப் பிறகு அவன் சிரித்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.